வென்றவருக்கு இருக்கை மறுத்த அவை: ஜூலியன் பாண்டும் ஜார்ஜியாவின் 136ஆம் தொகுதியும்

மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரை, அவர் அவைக்கு வெளியே சொன்ன கருத்து ஒன்றைக் காரணம் காட்டி, பதவியேற்கவே விடாமல் ஒரு சட்டமன்றம் தடுக்க முடியுமா, அப்படி எங்காவது நடந்ததுண்டா, நடந்திருந்தால் அந்த உறுப்பினர் பின்னர் என்ன ஆனார் என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்ததுண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நடந்திருந்தாலும், உங்கள் கேள்வியின் மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து விடை தருவது, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1966ஆம் ஆண்டு ஜூலியன் பாண்ட் என்ற இளைஞருக்கு நேர்ந்ததுதான். வழக்குத் தொடுத்தார், வென்றார் என்று இரண்டு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அவர் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது தெரியாமல், அவரை ஏன் அவ்வளவு பேர் சேர்ந்து தடுத்தார்கள் என்பது விளங்காது. ஆகவே தேர்தலிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜார்ஜியாவில் 159 கவுண்டிகள் இருக்கின்றன. நம் மாவட்டத்துக்கு இணையான நிர்வாகப் பிரிவு என்று சொல்லலாம். ஆனால் அவற்றில் பலவற்றின் மக்கள்தொகை நம் பெரிய ஊராட்சி ஒன்றின் அளவைத் தாண்டாது. ஜனநாயகக் கட்சி ஒன்றே செல்வாக்குடன் இருந்த அந்த மாநிலத்தில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலே உண்மையான தேர்தலாக இருந்தது. அதில் மாநிலப் பதவிகளுக்கான வெற்றியைத் தீர்மானித்தது வாக்குகளின் கூட்டுத்தொகை அல்ல; ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒதுக்கப்பட்டிருந்த அலகுகளின் கூட்டுத்தொகை. 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 1,876 பேர் வாழ்ந்த எக்கோல்ஸ் கவுண்டிக்கு 2 அலகுகள். அட்லாண்டா நகரின் பெரும்பகுதியை உள்ளடக்கி 5,56,326 பேர் வாழ்ந்த ஃபுல்டன் கவுண்டிக்கு 6 அலகுகள். வகுத்துப் பார்த்தால், எக்கோல்ஸில் 938 பேருக்கு ஓர் அலகு, ஃபுல்டனில் 92,721 பேருக்கு ஓர் அலகு. சட்டமன்றக் கீழவையிலும் கதை இதுதான்: எவ்வளவு சிறிய கவுண்டியாக இருந்தாலும் ஓர் உறுப்பினர் உண்டு, எவ்வளவு பெரிய கவுண்டியாக இருந்தாலும் மூவருக்கு மேல் இல்லை.

நகரத்தில் வாழ்ந்தவர்கள் எல்லோருக்கும் இது அநீதி என்றாலும், அட்லாண்டாவில் திரண்டிருந்த கறுப்பின மக்களுக்கு இது இரட்டை அநீதி. 1963இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த அலகு முறையைச் செல்லாது என்றது. அடுத்த ஆண்டு, மாநிலச் சட்டமன்றங்களின் இரு அவைகளும் மக்கள்தொகை அடிப்படையிலேயே அமைய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஜார்ஜியா தன் தொகுதிகளைத் திருத்தி வரைய வேண்டியதாயிற்று. மூன்று உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்த ஃபுல்டனுக்கு 24 இடங்கள் கிடைத்தன. அந்தப் புதிய தொகுதிகளுக்கு 1965 ஜூன் மாதத்தில் சிறப்புத் தேர்தல் நடந்தது. அவற்றில் ஒன்று, அட்லாண்டாவின் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த 136ஆம் தொகுதி.

இங்கே நூறாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1868இல், ஜார்ஜியா சட்டமன்றத்துக்கு முப்பதுக்கும் மேற்பட்ட கறுப்பின உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அரசியலமைப்பு அவர்களுக்கு வாக்குரிமையைத் தந்திருக்கிறதே ஒழியப் பதவி வகிக்கும் உரிமையைத் தரவில்லை என்று வாதிட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் வெள்ளையர்கள் அவர்களில் பெரும்பாலோரை வெளியேற்றினார்கள். வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவரான ஹென்றி மக்நீல் டர்னர் என்ற பாதிரியார், தம் உரிமையை யாரிடமும் மண்டியிட்டுக் கேட்கப் போவதில்லை என்று அவையிலேயே முழங்கினார். 1870இல் மத்திய அரசு தலையிட்டு அவர்களைத் திரும்ப அமர்த்தியது உண்மைதான். ஆனால் அடுத்த சில பத்தாண்டுகளில் அச்சுறுத்தலும் வாக்குரிமைக் கட்டுப்பாடுகளும் அவர்களுடைய எண்ணிக்கையைத் தேய்த்துத் தேய்த்து, 1907இல் கடைசிக் கறுப்பின உறுப்பினரும் விலகிச் சென்றார். 58 ஆண்டுகளுக்குப் பின் கீழவையில் மீண்டும் கறுப்பினத்தவர் நுழைய வழிசெய்தது 1965ஆம் ஆண்டுத் தேர்தல். பாண்டை வாசலில் நிறுத்திய அவைக்கு, அப்படி நிறுத்துவது புதிய பழக்கம் அல்ல என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

பாண்ட் 1940 ஜனவரி 14ஆம் நாள் நாஷ்வில் நகரில் பிறந்தார். தாத்தா அடிமையாகப் பிறந்தவர். தந்தை ஹோரஸ் மான் பாண்ட், லிங்கன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த கல்வியாளர். பென்சில்வேனியாவில் குவேக்கர்கள் நடத்திய பள்ளியில் பாண்ட் படித்தார்; போரை அறவே ஏற்காத சமயப் பிரிவு அது. அவருடைய பிற்கால நிலைப்பாட்டுக்கு அங்கேயே வித்து விழுந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, 1960இல், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவகங்களில் அமர்ந்து போராடும் இயக்கத்தில் இறங்கிக் கைதானார். அதே ஆண்டு உருவான மாணவர் அறவழி ஒருங்கிணைப்புக் குழுவின் நிறுவனர்களில் ஒருவராகி, அதன் செய்தித் தொடர்புப் பொறுப்பை ஏற்றார். அந்த அமைப்பை அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஸ்னிக்' என்றே எல்லோரும் அழைத்தார்கள். படிப்பைப் பாதியில் விட்டுத்தான் இந்த வேலைக்கு வந்தார். பட்டத்தை 1971இல்தான், சட்டமன்ற உறுப்பினரான பிறகுதான், பெற்றார்.

அவர் வாக்குக் கேட்ட விதம் கவனத்துக்குரியது. ஸ்னிக் தோழர்கள் தொகுதியில் வீடு வீடாகப் போனார்கள். வேட்பாளரின் பெருமையைச் சொல்வதை விட, சட்டமன்றத்திலிருந்து உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதே அவர்களுடைய முறை. வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போன மக்களின் விடைகளிலிருந்தே அவருடைய கோரிக்கைகள் பிறந்தன. மணிக்கு 2 டாலர் குறைந்தபட்சக் கூலி என்பது அவற்றில் முதன்மையானது. 82 விழுக்காடு வாக்குகளுடன் அவர் வென்றார். அப்போது வயது 25.

சட்டமன்றம் 1966 ஜனவரி 10ஆம் நாள் கூட இருந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜனவரி 3ஆம் நாள், அலபாமா மாநிலத்தின் டஸ்கீகீ நகரில் சாமி யங் என்ற கறுப்பின மாணவர், பெட்ரோல் நிலையத்தில் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்த கழிப்பறை தொடர்பான தகராறில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கடற்படையில் பணியாற்றித் திரும்பியவர்; ஸ்னிக் தொண்டர். ஜனவரி 6ஆம் நாள் ஸ்னிக் ஓர் அறிக்கை வெளியிட்டது. வியட்நாம் மக்களின் விடுதலைக்காகப் போரிடுவதாகச் சொல்லும் அரசு, சொந்த நாட்டில் சட்டத்தை நிலைநாட்டவில்லை. வியட்நாமில் மக்கள் கொல்லப்படுவதும் டஸ்கீகீயில் சாமி யங் கொல்லப்பட்டதும் ஒரே தன்மையானவை. கட்டாய ராணுவச் சேவைக்குப் போக விரும்பாதவர்களிடம் எங்களுக்கு அனுதாபமும் ஆதரவும் உண்டு என்பது அதன் சாரம். அந்த அறிக்கையை எழுதியவர் பாண்ட் அல்லர். ஆனால் வானொலி நிருபர் ஒருவர் தொலைபேசியில் கேட்டபோது, அதை ஏற்கிறேன் என்று தயங்காமல் சொன்னார். எல்லாப் போர்களையும் எதிர்ப்பவன் நான், அமெரிக்காவுக்குள் சுதந்திரத்தை உறுதிசெய்யாமல் வெளிநாட்டில் சுதந்திரத்துக்காகப் போரிடுகிறோம் என்பது போலித்தனம் என்ற பொருளில் விளக்கமும் அளித்தார். மறுத்திருக்கலாம், மழுப்பியிருக்கலாம், இரண்டையும் செய்யவில்லை.

பதவியேற்பு நாளுக்குள் 75 உறுப்பினர்கள் அவரை எதிர்த்து மனுக் கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் எழுந்து உறுதிமொழி ஏற்றபோது பாண்ட் மட்டும் ஏற்க விடப்படவில்லை. அன்றே ஒரு சிறப்புக் குழு விசாரித்தது. தொலைபேசிப் பேட்டியின் ஒலிப்பதிவை ஓட்டிக் கேட்டார்கள். ராணுவ அழைப்பு அட்டைகளை எரிக்குமாறு தாம் யாருக்கும் அறிவுரை சொன்னதில்லை என்றும், தம் அட்டை தம்மிடமே இருக்கிறது என்றும், ஆனால் விளைவு தெரிந்தும் நம்பிக்கைக்காக அப்படிச் செய்பவரின் துணிவை மதிக்கிறேன் என்றும் பாண்ட் விடையளித்தார். அவருடைய சொற்கள் எதிரிக்கு ஊக்கம் தருகின்றன, கட்டாயச் சேவைச் சட்டத்தை மீறத் தூண்டுகின்றன, அவைக்கு இழுக்கு, இப்படிப் பேசியவர் அமெரிக்க அரசியலமைப்பைக் காப்பேன் என்ற உறுதிமொழியை மனதார ஏற்க முடியாது என்பவையே குற்றச்சாட்டுகள். வாக்கெடுப்பில் 184 பேர் அவரை விடக் கூடாது என்றார்கள். 12 பேர் மட்டும் விடலாம் என்றார்கள்.

கடைசிக் குற்றச்சாட்டை நான் மிக ஆபத்தானதாகக் கருதுகிறேன். உறுதிமொழியை ஏற்க பாண்ட் மறுக்கவில்லை. ஏற்கக் காத்து நின்றார். அவர் வாயால் சொல்லப் போவதை அவர் மனம் ஏற்காது என்று 184 பேர் அவருக்காக முடிவு செய்தார்கள். ஒருவருடைய மனத்தை அளக்கும் அதிகாரத்தைப் பெரும்பான்மையின் கையில் கொடுத்துவிட்டால், பிறகு எந்த எதிர்க்கட்சிக்காரரும் அவைக்குள் கால் வைக்க முடியாது.

பாண்ட் மத்திய நீதிமன்றத்தை நாடினார். 136ஆம் தொகுதியின் வாக்காளர்கள் இருவரும் அவருடன் மனுதாரர்களாகச் சேர்ந்தார்கள். அந்த இருவரில் ஒருவர் மார்ட்டின் லூதர் கிங். உலகம் அறிந்த தலைவர் என்ற முறையில் அல்லாமல், என் தொகுதிக்கு உறுப்பினர் இல்லாமல் செய்துவிட்டார்கள் என்று முறையிடும் ஒரு வாக்காளராக அவர் நீதிமன்றத்தில் நின்றார். இந்த வழக்கில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். தடுக்கப்பட்டவர் பாண்ட் என்றாலும், பறிக்கப்பட்டது தொகுதியின் உரிமை என்பதை மனுவின் அமைப்பே சொல்லிவிடுகிறது. மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் பாண்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எல்பர்ட் டட்டில்.

மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, காலியானதாக அறிவிக்கப்பட்ட இடத்துக்கு 1966 பிப்ரவரியில் இடைத்தேர்தல் வந்தது. பாண்டே மீண்டும் நின்றார். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. அவையின் விதிகள் குழு அவரை மறுபடி விசாரித்து, சொன்னதைத் திரும்பப் பெறும்படி கேட்டது. அவர் மறுக்கவே, மே மாதத்தில் இரண்டாம் முறையாக இருக்கை மறுக்கப்பட்டது. செப்டம்பரில் கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் வென்றார். நவம்பரில் பொதுத் தேர்தலிலும் வென்றார். ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று வெற்றிகள், ஒரு நாள்கூட அவையில் அமராமல். 136ஆம் தொகுதியின் எளிய மக்கள் மூன்று முறையும் அசையவில்லை என்பதை நான் தீர்ப்புக்குச் சற்றும் குறையாத செய்தியாக மதிக்கிறேன்.

1966 டிசம்பர் 5ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக பாண்டின் பக்கம் நின்றார்கள். தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி எர்ல் வாரன். உறுப்பினரிடம் உறுதிமொழி கேட்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு. ஆனால் அதை அவர் எவ்வளவு உண்மையாக ஏற்கிறார் என்று சோதிக்கும் சாக்கில், மாற்றுக் கருத்துள்ளவரை விலக்கும் அதிகாரம் பெரும்பான்மைக்குக் கிடையாது என்றது தீர்ப்பு. பாண்டின் சொற்களில் சட்டத்தை மீறும்படியான தூண்டுதல் எதுவும் இல்லை என்றும் கண்டது. ஜார்ஜியா அரசு ஒரு நுட்பமான வாதத்தை வைத்திருந்தது: சாதாரணக் குடிமகன் இப்படிப் பேசலாம், சட்டமன்ற உறுப்பினருக்கு அதைவிடக் கூடுதலான விசுவாசம் வேண்டும் என்பது அது. நம் காதுக்கும் நியாயமாக ஒலிக்கக்கூடிய வாதம். வாரன் அதைத் தலைகீழாகத் திருப்பினார். மக்களைப் பிரித்து நிற்கும் பிரச்சினைகளில் தம் நிலைப்பாட்டை வெளிப்படையாகச் சொல்வது மக்கள் பிரதிநிதியின் கடமை; சொன்னால்தான் வாக்காளர்கள் அவரை எடைபோட முடியும்; எனவே கொள்கைகளைப் பற்றிப் பேச அவருக்கு மிக விரிந்த இடம் தர வேண்டும் என்பது அவருடைய நியாயம்.

1967 ஜனவரி 9ஆம் நாள் பாண்ட் உறுதிமொழி ஏற்றார். மறுநாளே சட்டமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து செய்த வேலை, மாநிலத்தின் மனநிலை எங்கே இருந்தது என்பதைக் காட்டும். நவம்பரில் நடந்த ஆளுநர் தேர்தலில் யாருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்காததால், தேர்வு சட்டமன்றத்திடம் வந்திருந்தது. தம் உணவகத்துக்கு வந்த கறுப்பினத்தவரைக் கோடரிக் காம்புகளைக் காட்டி விரட்டியதால் புகழ்பெற்ற லெஸ்டர் மாடக்ஸ், 182க்கு 66 என்ற வாக்குகளில் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

முன்னும் பின்னும் நடந்த சிலவற்றையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். நியூயார்க் சட்டமன்றம் 1920இல் ஐந்து சோசலிஸ்ட் உறுப்பினர்களை, கட்சிக் கொள்கைக்காகவே வெளியேற்றியது. அப்போது நீதிமன்றம் அவர்களைக் காப்பாற்றவில்லை. பாண்ட் தீர்ப்புக்குப் பிறகு, 1967இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஆடம் கிளேட்டன் பவல் என்ற உறுப்பினருக்கு நிதி முறைகேட்டைக் காரணம் காட்டி இருக்கை மறுத்தபோது, அரசியலமைப்பு வகுத்துள்ள வயது, குடியுரிமை, வசிப்பிடம் ஆகிய தகுதிகள் இருக்குமானால் வென்றவரை விலக்க முடியாது என்று 1969இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

நம் நாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 1986ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில், அரசியலமைப்பின் ஆட்சிமொழி பற்றிய 17ஆம் பகுதியை எரித்ததற்காக, க. அன்பழகன் உள்ளிட்ட பத்து தி.மு.க. உறுப்பினர்கள் பதவியை இழந்தார்கள்; பி. எச். பாண்டியன் அப்போது பேரவைத் தலைவர். பாண்ட் வழக்கை இதற்கு அப்படியே பொருத்திவிட முடியாது, ஏனென்றால் இங்கே பேச்சோடு ஒரு செயலும் இருந்தது, அவர்கள் ஏற்கெனவே உறுதிமொழி ஏற்று அமர்ந்தவர்கள். ஆயினும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான். நம் அரசியலமைப்பின் 194ஆம் பிரிவு அவைக்குள் பேசும் பேச்சுக்கு முழுப் பாதுகாப்புத் தருகிறது. வெளியே பேசும் பேச்சுக்கு உறுப்பினரும் மற்றக் குடிமக்களைப் போல 19ஆம் பிரிவையே நாட வேண்டும். உறுப்பினரை நீக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு, ஆனால் அது நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது என்று 2007இல் நம் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பஞ்சாப் சட்டமன்றம் அமரீந்தர் சிங்கை நீக்கியதை 2010இல் அதே நீதிமன்றம் செல்லாது என்றது. இவை முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளில் எழுந்த வழக்குகள். கருத்துக்காக இருக்கை மறுக்கப்பட்ட ஒருவரைப் பற்றிய நேரடியான விடைக்கு, இன்றும் பாண்ட் தீர்ப்பையே நான் எடுத்துக் காட்டுவேன்.

இனி, அவர் என்ன ஆனார் என்பது. 1968இல் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு, ஆளுநர் மாடக்ஸ் அனுப்பிய குழுவுக்குப் போட்டியாக ஒரு குழுவை அழைத்துச் சென்றார்; ஜார்ஜியாவின் இடங்களில் பாதி அவருடைய குழுவுக்குக் கிடைத்தது. அதே மாநாட்டில் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. அந்தப் பதவிக்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும், அவருக்கு 28. நன்றி சொல்லி விலகிக்கொண்டார். கீழவையில் எட்டு ஆண்டுகளும், 1975 முதல் மேலவையில் பன்னிரண்டு ஆண்டுகளும் இருந்தார். கறுப்பினத்தவரை அதிகம் தாக்கும் அரிவாள் உயிரணுச் சோகை நோய்க்கான பரிசோதனைத் திட்டம், ஏழைகளுக்குக் குறைந்த வட்டியில் வீட்டுக் கடன் போன்றவற்றுக்காக மசோதா கொண்டுவந்தார்.

மேலவையில் அவர் செய்தவற்றுள் பெரியதாக நான் எண்ணுவது, 1981இல் நாடாளுமன்றத் தொகுதிகள் திருத்தி வரையப்பட்டபோது நடத்திய போராட்டம். அட்லாண்டாவின் 5ஆம் தொகுதியில் கறுப்பின வாக்காளர்கள் தம் விருப்பப்படி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு எண்ணிக்கை பெற வேண்டும் என்று வாதாடினார். சட்டமன்றம் இணங்கவில்லை. மாநிலத்தின் வரைபடம் இனப்பாகுபாட்டு நோக்கம் கொண்டது என்று 1982இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்த பிறகே, தொகுதி திருத்தி அமைக்கப்பட்டது. தொகுதி எல்லையை யார் வரைகிறார்கள் என்பதில்தான் தேர்தல் பாதி முடிந்துவிடுகிறது என்பதை 1965இலேயே கற்றவர் அவர்.

அந்தத் தொகுதியில் 1986இல் அவரே நின்றார். எதிரே நின்றவர் ஸ்னிக் அமைப்பின் முன்னாள் தலைவர், போராட்டக் காலம் தொட்டு நெருங்கிய நண்பரான ஜான் லூயிஸ். முதற்கட்டத் தேர்தலில் பாண்ட் 47 விழுக்காடும் லூயிஸ் 35 விழுக்காடும் பெற்றார்கள். பாதியைத் தாண்டாததால் இறுதிச் சுற்று நடந்தது. போதைப்பொருள் பரிசோதனைக்குத் தயாரா என்று லூயிஸ் அறைகூவல் விடுத்தார், பாண்ட் மறுத்தார். பழைய தோழர்கள் இருவர் அப்படி மோதிக்கொண்டது அவர்களை நேசித்த எல்லோருக்கும் வலியைத் தந்தது. கறுப்பின வாக்காளர்களில் பெரும்பான்மையோர் பாண்டுக்கும், வெள்ளை வாக்காளர்களில் மிகப் பெரும்பான்மையோர் லூயிஸுக்கும் வாக்களிக்க, 52க்கு 48 என்ற கணக்கில் லூயிஸ் வென்றார். மேலவை இடத்தையும் பாண்ட் விட்டிருந்தார். அவருடைய தேர்தல் வாழ்க்கை அத்துடன் முடிந்தது.

பிறகு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் குடிமை உரிமை இயக்க வரலாற்றைக் கற்பித்தார். 1998 முதல் 2010 வரை, கறுப்பின மக்களின் மூத்த அமைப்பான தேசிய முன்னேற்றச் சங்கத்தின் தலைவராக இருந்தார். 2015 ஆகஸ்ட் 15ஆம் நாள், 75ஆம் வயதில், ஃபுளோரிடாவில் காலமானார். அவர் போராடி வரையச் செய்த 5ஆம் தொகுதியின் உறுப்பினராக அன்றும் ஜான் லூயிஸே இருந்தார்.